வலி நின்ற பிறகும் எழும்ப ஏலவில்லை: வலிகாமத்து அம்மா ஒருவரின் நிகழ்வு ஆய்வு

"முழங்கால் தேய்ந்துபோச்சு, வயதும் போச்சு" என்ற இரண்டு காரணங்களோடு மூன்று மாதம் முடங்கிக் கிடந்த 74 வயதுப் பெண் ஒருவரைப் பற்றியது இந்த ஆய்வு. அவரும் மகளும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். வந்தது கேள்விப்படாத நோய் அல்ல. ஆனால் யாழ்ப்பாணத்தில் ஒரு முதியவரின் நடை நின்றுபோனால் வீட்டிலும் மருத்துவத்திலும் எதைப் பார்க்கிறோம், எதைப் பார்க்காமல் விடுகிறோம் என்பது இந்த ஒருவரின் கதையிலேயே முழுதாகத் தெரிகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வந்தபோது

வெங்காயமும் புகையிலையும் செய்கிற செம்மண் ஊர். கணவர் இறந்து சில வருடங்கள். மகன் கனடாவில். மகள் கூடவே இருக்கிறார், பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார். அம்மாவுக்கு 12 வருடமாக நீரிழிவு, அதற்கு மெற்போமின். பிரஷருக்கு லொசாட்டன், கொலஸ்ரோலுக்கு அற்றோவாஸ்ரற்றின். மார்கழியில் திருவெம்பாவைக்கு விடியப்புறம் எழும்பித் தோய்ந்து கோயிலுக்கு நடந்து போய் வந்தவர். முற்றம் கூட்டுவது, தேங்காய் துருவுவது எல்லாம் அவர் கையால்தான்.

தை மாதக் கடைசியில் தொடங்கியது. முதலில் வலது தோள், இரண்டு மூன்று நாளில் இடது தோளும். அப்புறம் நாரி, இரண்டு தொடையும். மூன்று கிழமைக்குள் கொடியில் உடுப்புப் போட ஏலவில்லை, கொண்டை முடிய ஏலவில்லை, இரவில் கட்டிலில் புரண்டு படுக்கவும் மகளைக் கூப்பிட வேண்டியிருந்தது. அவருடைய வார்த்தையிலேயே சொன்னால்: "காலமை எழும்பேக்க ரண்டு தோளும் ரண்டு தொடையும் பிடிச்சுப்போட்டுக் கிடக்கும் பிள்ளை. பத்து மணிக்குப் பிறகுதான் கொஞ்சம் இளகும்."

இந்த ஒரு வசனத்துக்குள் நோயின் பாதி இருக்கிறது. ஆனால் அதுவரை அவரிடம் எல்லோரும் கேட்டது எங்கே நோகிறது என்றுதான். எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் என்று யாரும் கேட்கவில்லை. கால் பலமில்லை என்றதும் முழங்காலுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். 74 வயதில் முழங்கால் எக்ஸ்ரேயில் தேய்வு தெரியாமல் இருந்தால்தான் ஆச்சரியம். தெரிந்தது. அதோடு விசாரணை முடிந்துவிட்டது. நோவுக்கு டைக்குளோபெனாக் குளிசை, முழங்காலுக்கு ஒரு உறை, பூசுவதற்கு எண்ணெய், "ஓய்வாக இருங்கோ" என்ற அறிவுரை.

அந்த அறிவுரையை வீட்டில் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். பங்குனியில் ஒருநாள் கிணற்றடியில் சறுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை, ஆனால் அதற்குப் பிறகு ஒருவரும் அவரை எழும்ப விடவில்லை. சாப்பாடு கட்டிலுக்கு வந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் கொமேட் கதிரை வந்தது. மகன் ஒவ்வொரு இரவும் வீடியோவில் "அம்மாவை நடக்க விடாதேங்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாம் பாசத்தில் நடந்தது. என்னிடம் கூட்டி வந்தபோது இப்படி ஐந்து கிழமை போயிருந்தது. 51 கிலோவாக இருந்த உடம்பு 46 ஆகியிருந்தது.

சோதித்தபோது

மகளும் ஓட்டோக்காரத் தம்பியும் இரண்டு பக்கமும் பிடித்து உள்ளே கொண்டுவந்தார்கள். தலைமயிர் கழுத்தளவில் வெட்டியிருந்தது. கை தூக்கிச் சீவ முடியாததால் தானே வெட்டச் சொன்னதாகச் சொன்னார். ஒரு சீப்பைக் கையில் கொடுத்து, "உச்சியைத் தொடுங்கோ அம்மா, பாப்பம்" என்றேன். கை காது மட்டத்துக்கு வந்து நின்றது. முகம் சுருங்கியது. மறு கையால் முழங்கையைத் தாங்கி இன்னும் இரண்டு விரற்கடை உயர்த்தினார், அதற்குமேல் போகவில்லை. கையை நான் பிடித்து மெல்லத் தூக்கிப் பார்த்தேன். நோவோடு மேலே போனது. மூட்டு இறுகிப்போகவில்லை என்று அதில் தெரிந்தது.

முழங்கால்களை மடக்கி நீட்டினால் நறநறவென்றது, ஆனால் சூடு இல்லை, நீர் கோக்கவில்லை. கைவிரல் மூட்டுகளில் வீக்கம் இல்லை. தொடை மெலிந்து, தோல் தளர்ந்திருந்தது.

இன்னும் ஒன்றைத் தவறாமல் கேட்க வேண்டியிருந்தது. "தலை சீவேக்க பொட்டுப் பக்கம் நோகுதா? முறுக்கு, கடலை சப்பேக்க தாடை களைச்சுப் போகுதா? கண் கொஞ்ச நேரம் இருட்டினதா, ஒண்டு ரண்டாத் தெரிஞ்சதா?" எல்லாவற்றுக்கும் இல்லை என்றார். பொட்டு நாடிகளைத் தடவிப் பார்த்தேன், இரண்டு பக்கமும் மெத்தென்று துடித்தன. ஏன் இதைக் கேட்டேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

உடம்பில் அழற்சி இருந்தால் இரத்தத்தில் ஏறுகிற இரண்டு அளவுகளைப் பார்த்தோம்: ஈ.எஸ்.ஆர் 92, சி.ஆர்.பி ஒரு லீற்றருக்கு 68 மில்லிகிராம். ஹீமோகுளோபின் 10.1. பெண்களுக்கு வயதோடு 10ஐக் கூட்டி இரண்டால் பிரித்தால் ஈ.எஸ்.ஆர் எவ்வளவு வரை போகலாம் என்று ஏறக்குறைய சொல்லலாம், அது இவருக்கு 42. நீரிழிவும் இரத்தச்சோகையும் ஈ.எஸ்.ஆரைக் கொஞ்சம் ஏற்றும், ஆனால் சி.ஆர்.பியை இந்த அளவுக்கு ஏற்றாது. முழங்கால் தேய்வு இரண்டையுமே இப்படி ஏற்றாது. ஆகவே உடம்பில் எங்கோ பெரிய அழற்சி ஓடிக்கொண்டிருந்தது.

இந்த வயதில் தோளும் தொடையும் சேர்ந்து முடங்க வேறு பல காரணங்கள் உண்டு. அவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போகலாம். கொலஸ்ரோல் குளிசையால் தசை பாதிக்கப்பட்டதா என்று சி.கே என்ற தசை நொதியைப் பார்த்தோம், சரியாக இருந்தது. தைரொயிட் சரி. ருமற்றோயிட் மூட்டுவாதத்தைக் காட்டும் ருமற்றோயிட் காரணியும் சி.சி.பி எதிருடலும் இல்லை. நெஞ்சு எக்ஸ்ரேயில் காசநோய்க்கோ கட்டிக்கோ அறிகுறி இல்லை. எலும்பு மச்சைப் புற்றுநோயான மயலோமாவும் வயதானவர்களில் உயர்ந்த ஈ.எஸ்.ஆரோடு வரும் என்பதால் இரத்தப் புரதங்களைப் பிரித்துப் பார்த்தோம், அதுவும் இல்லை. சிக்குன்குனியா எங்களுக்குப் புதிதல்ல, 2006 கடைசியில் யாழ்ப்பாணத்தையே படுக்க வைத்த காய்ச்சல் அது. அதன் மூட்டுவலி மாதக்கணக்கில் நீளும் என்பதால் அதையும் நினைத்துப் பார்த்தேன். ஆனால் இவருக்குக் காய்ச்சலோடு தொடங்கவில்லை, கை கால் சிறுமூட்டுகளும் வீங்கவில்லை. விற்றமின் டி மட்டும் 14 என்று குறைவாக இருந்தது. வெயில் இவ்வளவு அடிக்கிற ஊரில் இதெப்படி என்று மகள் கேட்டார். மாதக்கணக்கில் அறைக்குள் இருந்தவர் மேல் எந்த வெயில் படும்?

தோள் ஸ்கானில் இரண்டு பக்கமும் தசைநார்களைச் சுற்றியுள்ள பைகளில் நீர் கோத்திருந்தது. அதோடு நோய் உறுதியானது: தோளையும் இடுப்பையும் பிடித்து விறைக்க வைக்கும் அழற்சி நோயான பொலிமயல்ஜியா ருமற்றிக்கா.

50 வயதுக்குக் கீழே மிக அரிதாகவே வரும் நோய் இது. 70க்கும் 80க்கும் இடையில்தான் கூடுதலாக வரும், ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். 1888இல் ஸ்கொட்லாந்து மருத்துவர் வில்லியம் புரூஸ் முதலில் விவரித்தார், இன்றைய பெயர் 1957இல் வந்தது. வட ஐரோப்பியரிடம் அதிகம், எங்கள் ஆட்களிடம் குறைவு. குறைவு என்பதாலேயே எங்கள் கிளினிக்குகளில் யாருக்கும் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. 2012இல் ஐரோப்பிய, அமெரிக்க மூட்டுநோய் அமைப்புகள் சேர்ந்து புள்ளிமுறை ஒன்றை வெளியிட்டன. 50 வயதைத் தாண்டி, இரண்டு தோளும் நொந்து, சி.ஆர்.பியோ ஈ.எஸ்.ஆரோ கூடியிருப்பவர்களுக்கு அதைப் போட்டுப் பார்க்கலாம். காலை விறைப்பு 45 நிமிடத்துக்கு மேல் என்றால் 2, இடுப்பு நோவு அல்லது இடுப்பு அசைவுக் குறைவு 1, ருமற்றோயிட் பரிசோதனைகள் இல்லை என்று வந்தால் 2, வேறு மூட்டுகளில் நோவில்லை என்றால் 1. ஸ்கான் இல்லாமலே 4 வந்தால் இந்த நோய் என்று எடுக்கலாம். முழங்கால் நோவுக்காக ஒரு புள்ளியை விட்டாலும் அம்மாவுக்கு 5.

தாடையையும் கண்ணையும் பற்றிக் கேட்டதன் காரணம் இதுதான். இந்த நோயுள்ள சிலருக்கு, ஏறக்குறைய பத்தில் ஒருவர் இருவருக்கு, பொட்டு நாடியிலும் அழற்சி வரும். அது கண்ணுக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயை அடைத்தால் பார்வை போய்விடும். போன பார்வை பெரும்பாலும் திரும்பாது. வயதானவருக்குப் புதிதாகத் தலையிடி, சப்பும்போது தாடை நோவு, கண் மங்கல் என்று எது வந்தாலும் கிளினிக் திகதிக்காகக் காத்திராமல் அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

குளிசை தொடங்கிய பிறகு

மூட்டுநோய் நிபுணரோடு பேசிவிட்டு, அழற்சியை அடக்கும் ஸ்ரீரொயிட் குளிசையான பிரெட்னிசலோன் ஒரு நாளுக்கு 15 மில்லிகிராம் தொடங்கினோம். அதே ஐரோப்பிய, அமெரிக்க அமைப்புகளின் 2015 வழிகாட்டல் 12.5 முதல் 25 வரை சொல்கிறது. நீரிழிவு இருந்ததால் கீழ்ப்பக்கமாக நின்றோம். காலைச் சாப்பாட்டோடு ஒரே தடவை. கூடவே கல்சியம், விற்றமின் டி, எலும்புக்குக் கிழமைக்கு ஒரு அலென்ட்ரோனேற். டைக்குளோபெனாக்கை நிறுத்தினோம்.

நாலாம் நாள் மகள் தொலைபேசியில் அழுதார். அம்மா தன் கையால் பால்தேத்தண்ணி எடுத்துக் குடித்தாராம், இரவில் தானே புரண்டு படுத்தாராம். பத்து நாளில் சி.ஆர்.பி 9. வெறுவயிற்றுச் சீனி 212க்கு ஏறியது, எதிர்பார்த்ததுதான், நீரிழிவு மருந்தைக் கூட்டிச் சமாளித்தோம்.

பலர் இந்த இடத்தில் கோப்பை மூடிவிடுவார்கள். வலி போனது, இரத்தம் தெளிந்தது. ஆனால் அம்மா எழும்பவில்லை.

இரண்டாம் கிழமை வந்தபோது கை உச்சியைத் தொட்டது. கதிரையில் இருந்து கையூன்றாமல் எழும்பச் சொன்னேன். முன்னுக்குச் சாய்ந்தார், குதிக்கால் நிலத்தை அழுத்தியது, தொடை நடுங்கியது, இருக்கையை விட்டு உடம்பு அசையவில்லை. "நோ இல்லை பிள்ளை, ஆனா ஏலாமக் கிடக்கு." மகளுக்கு இது பயமாகவோ மனச்சோர்வாகவோ இருக்குமோ என்று கவலை. இரண்டும் கொஞ்சம் இருக்கலாம்தான். ஆனால் முதல் காரணம் தசை.

அளந்து பார்த்தோம். கைப்பிடிப் பலம் 11 கிலோ. ஆசிய நிபுணர் குழு 2019இல் வகுத்த அளவின்படி பெண்களுக்கு 18க்குக் கீழே போனால் தசைத்தேய்வைச் சந்தேகிக்க வேண்டும். கெண்டைக்கால் சுற்றளவு 28 சென்றிமீற்றர், 33 இருக்க வேண்டும். கதிரையில் இருந்து ஐந்து தடவை எழும்பி இருக்க 12 செக்கன் தாண்டக் கூடாது, இவரால் ஒரு தடவையும் முடியவில்லை. நடைச்சட்டத்தைப் பிடித்து நடந்த வேகம் செக்கனுக்கு 0.4 மீற்றர், 1.0க்குக் கீழே என்றாலே குறைவு.

தசை எங்கே போனது

அழற்சி ஓடும்போது உடம்பில் இன்ரலூக்கின்-6 போன்ற பொருட்கள் கூடும். ஈரலைச் சி.ஆர்.பி செய்யச் சொல்வதும் அதுதான். அந்த நேரத்தில் நோயெதிர்ப்புக்குத் தேவையான புரதத்துக்கு உடம்பு கைவைக்கிற இடம் தசை. பசியும் போய்விடும், ஆகவே எடுத்ததைத் திரும்ப வைக்கச் சாப்பாடும் உள்ளே போகாது. வயதானவர்களின் தசைக்கு இன்னொரு சிரமம் உண்டு: இளைஞர் ஒருவருக்குப் போதுமான புரதம் அவர்களின் தசையைக் கட்டப் போதாது. நோயில்லாமலே வயதோடு இந்த அழற்சி அளவுகள் மெல்ல ஏறி நிற்பதை இத்தாலிய ஆய்வாளர் குளோடியோ பிரான்செஸ்கி 2000இல் விவரித்தார். அதற்குமேல் ஒரு பெரிய அழற்சி வந்து விழுந்தால் தசை வேகமாகக் கரைகிறது.

அதற்குமேல் படுக்கை. 2007இல் அமெரிக்காவில் நோயேதும் இல்லாத முதியவர்களைப் பத்து நாள் கட்டிலில் இருக்க வைத்து அளந்தார்கள். கால்களில் இருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போயிருந்தது. பத்து நாளில், நோயில்லாதவர்களுக்கு. இந்த அம்மா அழற்சியோடு ஐந்து கிழமை கிடந்தார். அதற்குமேல் நாங்கள் கொடுத்த பிரெட்னிசலோன். அழற்சியை அடக்கும் அதே குளிசை நாட்பட எடுக்கும்போது தொடைத் தசையைத்தான் முதலில் மெலிய வைக்கும். கொடுக்காமல் விட முடியாது, கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கவும் முடியாது.

"ஓய்வாக இருங்கோ" என்று முதியவர் ஒருவருக்குச் சொல்லும்போது, எத்தனை நாள், எதைச் செய்யாமல், எதைச் செய்துகொண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அது பாதி மருந்துச்சீட்டு. இதை நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எங்கள் வீடுகளில் முதியவர்களை நடக்க விடாமல் பார்த்துக்கொள்வதைத்தான் நல்ல பிள்ளைகளின் அடையாளமாக நினைக்கிறோம்.

வீட்டில் செய்தவை

பிஸியோதெரபிஸ்ட் ஒருவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார். சாப்பாட்டு மேசைக் கதிரையின் கால்களுக்குக் கீழே கல் வைத்து உயர்த்தினார். உயரமான இருக்கையில் இருந்து எழும்புவது சுலபம். முதல் நாள் கையூன்றி மூன்று தடவை எழும்பினார். ஒவ்வொரு கிழமையும் உயரம் கொஞ்சம் இறங்கியது, எண்ணிக்கை ஏறியது. இரண்டாம் மாதம் கல் இல்லாமல், கையூன்றாமல் ஐந்து. குசினி மேடையைப் பிடித்துக் குதிக்கால் உயர்த்துவது, கணுக்காலில் அரைக்கிலோ மணற்பை கட்டிக் காலை நீட்டுவது, விறாந்தை நீளத்துக்கு நடை. எல்லாம் காலை விறைப்பு இளகிய பிறகு, பத்து மணிக்கு மேல். கொஞ்சம் களைக்க வேண்டும், அடுத்த நாள் நோகக் கூடாது, அதுதான் கணக்கு. 1990இல் பொஸ்டனில் 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டுக் கிழமை பாரம் தூக்கும் பயிற்சி கொடுத்தபோது கால் பலம் சராசரியாக இரண்டு மடங்கைத் தாண்டிக் கூடியது. இந்த வயதில் இனி என்ன என்று கேட்ட மகனுக்கு இதைத்தான் சொன்னேன். அதற்குப் பிறகு அவருடைய வீடியோ அழைப்பு "இண்டைக்கு எத்தனை தரம் எழும்பினீங்கள் அம்மா?" என்று தொடங்கியது.

சாப்பாட்டில் பெரிய வேலை இருந்தது. காலையில் இடியப்பமும் சொதியும், மத்தியானம் சோறும் கீரையும், இரவில் புட்டு. கணக்குப் பார்த்தால் நாள் முழுக்க 28 கிராம் புரதம் தேறவில்லை. நோயில் இருந்து தேறும் முதியவருக்குக் கிலோவுக்கு 1.2 கிராமாவது வேண்டும், 46 கிலோவுக்கு 55 கிராம். சிறுநீரகம் நன்றாக இருந்ததால் துணிந்து கூட்டினோம். இரண்டு முட்டை 12 கிராம், 100 கிராம் மீன் 20 கிராம். செவ்வாயும் வெள்ளியும் சைவம், அதை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. அந்த நாட்களில் அவித்த பயறு, கடலை, தயிர், சோயாமீற். உலர்ந்த சோயாமீற் 50 கிராமில் 25 கிராம் புரதம் இருக்கிறது. ஒரே நேரத்தில் குவிக்காமல் மூன்று வேளைக்கும் பிரித்தோம்.

கக்கூசில் கைப்பிடி, கிணற்றடியில் வழுக்காத தரை, இரவில் எரியும் சின்ன விளக்கு. வாசலில் கிடந்த கால்மிதியை எடுத்தாயிற்று.

ஆனியில் ஒரு இடறல். உறவினர் ஒருவர் வந்து, "ஸ்ரீரொயிட் உடம்பை ஊதப்பண்ணும், எலும்பைத் தின்னும்" என்று சொல்ல, அம்மா மகளுக்குச் சொல்லாமல் குளிசையை நிறுத்திவிட்டார். ஆறாம் நாள் சத்தி, தலைச்சுற்று, பிரஷர் 90க்கு 60. சில கிழமை பிரெட்னிசலோன் எடுத்தவரின் உடம்பு தன் சொந்தச் சுரப்பைக் குறைத்துவிடும், திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. பெரியாஸ்பத்திரியில் சேலைனும் ஊசியும் போட்டுச் சரியாக்கினார்கள். தோள்நோவும் திரும்ப வந்திருந்தது, 12.5இல் இருந்து மீண்டும் தொடங்கினோம். அந்த உறவினர் சொன்னதில் பொய் இல்லை, அந்தப் பக்கவிளைவுகள் உண்மைதான். ஆனால் அதற்கு வழி மெல்ல மெல்லக் குறைப்பது. திடீரென்று நிறுத்தக் கூடாது என்று கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதிவிட்டேன். இதை வாசித்துவிட்டு யாரும் மூட்டுநோவுக்குத் தாங்களாகவே பார்மசியில் இந்தக் குளிசையை வாங்கிப் போடவும் கூடாது. நோவு அடங்கும், உள்ளே இருக்கும் காசநோயோ கிருமியோ மறைந்து வளரும்.

நல்லூருக்குப் போக வேண்டும் என்று கொடியேற்றத்துக்கு முன்பே கேட்கத் தொடங்கிவிட்டார். தேருக்கு வேண்டாம், சன நெரிசல். 25 நாள் திருவிழாவில் சனம் குறைந்த ஒரு பின்னேரத்தைத் தெரிவுசெய்தோம். வாகனங்களைத் தடுக்கும் இடத்திலிருந்து நடந்தாக வேண்டும், வெளிவீதி மணலில் வெறுங்கால். நீரிழிவுக் காலை வீடு வந்ததும் கழுவி, விரலிடுக்கு வரை பார்க்கச் சொன்னேன். நடுவில் இரண்டு தரம் இருந்து இளைப்பாறிக்கொண்டு, மகளின் கையைப் பிடித்துப் போய்வந்தார்.

ஆறாம் மாதம்

எடை 49 கிலோ. கைப்பிடி 14 கிலோ. ஐந்து தடவை எழும்பி இருக்க 16 செக்கன். நடை செக்கனுக்கு 0.8 மீற்றர், சட்டம் இல்லாமல், வெளியே போனால் மட்டும் கைத்தடி. ஈ.எஸ்.ஆர் 30. பிரெட்னிசலோன் 9 மில்லிகிராம், இனி நாலு கிழமைக்கு ஒரு மில்லிகிராம் என்று இறக்கப் போகிறோம். பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருடத்துக்கு மேல் எடுக்கும், இரண்டு வருடமும் ஆகலாம். தசை அளவுகள் இன்னும் கோட்டுக்குக் கீழேதான் நிற்கின்றன, அதனால் பயிற்சியும் நிற்காது.

நிலத்தில் இருந்து தனியே எழும்புவது மட்டும் இன்னும் வரவில்லை. மகள் பள்ளிக்கூடம் போனால் இரண்டு மணி வரை வீட்டில் அவர் தனி, விழுந்தால் யாராவது வரும்வரை கிடக்க வேண்டும். புரண்டு குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி, தவழ்ந்து கதிரைக்குப் போய், ஒரு முழங்காலை முன்வைத்து எழும்பும் முறையைப் பிஸியோதெரபிஸ்ட் பாயில் பழக்கத் தொடங்கியிருக்கிறார். தவழும் வரை இப்போது வந்துவிட்டது. அதுவரைக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளை பதினொரு மணிக்கு ஒருதரம் எட்டிப் பார்க்கிறாள், அம்மாவின் கழுத்தில் தொலைபேசி தொங்குகிறது.